கரையொதுங்கிய பொருள்களும் பெயர்களும்: ஓர்க்கோலை, கடல்நுரை, கடற்றேங்காய்

0. முன்னுரை

கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் அரிய பொருளொன்றைக் கண்டெடுப்பவர் முதலில் எழுப்பும் வினா, 'இது என்ன?' என்பதாகும். இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒரு பெயராகவே அமைகிறது. பெயர் கிடைத்தவுடன் பொருளை அறிந்துகொண்டதாக மனம் நிறைவடைகிறது. ஆனால், அப்பெயரோ பொருளின் தோற்றுவாய் பற்றி முன்பு யாரோ செய்த ஊகமாகவே பல வேளைகளில் இருக்கிறது. ஊகம் பிழையென உறுதிப்பட்ட பின்னரும் பெயர் நிலைத்துவிடுகிறது. மொழிபெயர்ப்பின் வழியே பிற மொழிகளுக்கும் பரவுகிறது.

இதனை ஆராயும் தேவை, கடலில்லாப் பெங்களூரில் எழுந்ததே வியப்புக்குரியது. 2021ஆம் ஆண்டில், அம்பர் என்னும் பொருளை விற்க முயன்றோரைப் பெங்களூரு நகரக் காவல்துறை கைது செய்த செய்திகள் நாளிதழ்களில் வெளிவந்தன. அப்பொருளைக் கன்னட ஏடுகள் 'திமிங்கில வாந்தி' என்றன; தமிழ் ஏடுகள் சில 'திமிங்கலத்தின் வாந்தி' என்றும், சில 'திமிங்கல எச்சம்' என்றும், வேறு சில 'ஆம்பர்கிரிஸ்' என்றும் எழுதின. ஒரே பொருளுக்கு ஒரே காலத்தில் இத்தனை பெயர்கள் வழங்கியதும், அவற்றுள் தமிழில் முன்பே இருந்த சொல் இடம்பெறாது போனதும் மொழியியலார் எண்ணிப்பார்க்கத் தக்கன.

கடல் ஒதுக்கிய மூன்று பொருள்களின் பெயர் வரலாற்றை ஆராய்ந்து, பெயரிடுதலுக்கும் அடையாளம் காணுதலுக்கும் உள்ள உறவை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஓர்க்கோலையும் அம்பரும்

1.1 தமிழ் மரபு பொருள்களை அவை தோன்றும் இடத்தால் வகுத்தது. மலைபடுபொருள், காடுபடுபொருள், நாடுபடுபொருள், நகர்படுபொருள், கடல்படுபொருள் என ஐவகைப்படுத்தி, ஒவ்வொன்றிலும் ஐந்து பொருள்களை வைத்து எண்ணுவது வழக்கம். கடல்படுபொருள் ஐந்தாவன உப்பு, முத்து, பவளம், சங்கு, ஓர்க்கோலை என்பன. இவற்றுள் முதல் நான்கும் இன்றும் எல்லாருக்கும் விளங்கும் சொற்கள். ஐந்தாவதாகிய ஓர்க்கோலை மட்டுமே அகராதி பார்த்து அறியவேண்டிய சொல்லாகிவிட்டது. அகராதிகள் அதற்கு அம்பர் எனப் பொருள் தருகின்றன.

இப்பட்டியலின் உள்ளமைப்பு கருதத்தக்கது. உப்பு விளைவிக்கப்படுவது, முத்தும் சங்கும் மூழ்கி எடுக்கப்படுவன, பவளம் பறிக்கப்படுவது. இந்நான்கிற்கும் தொழிலும் தொழிலாளரும் உண்டு. ஓர்க்கோலைக்கோ தொழில் இல்லை, அது கிடைப்பது. என்றோ ஒருநாள் யாரோ ஒருவர் கண்ணில் படுவது. தொழிலோடு பிணைந்த சொற்கள் நாள்தோறும் வாயில் வழங்கி வாழ்ந்தன. தற்செயலோடு பிணைந்த சொல் வழக்கிழந்தது. ஒரு சொல்லின் ஆயுளை அதன் பொருளின் அருமை மட்டுமன்றி, அப்பொருளைச் சுற்றியுள்ள உழைப்பும் தீர்மானிக்கிறது எனலாம்.

1.2 வழக்கிழந்த ஓர்க்கோலையின் இடத்தைப் பிடித்தது அம்பர் என்னும் அரபுச் சொல். அரபு எழுத்தில் இச்சொல் னகர ஒலிக்குரிய எழுத்தோடு எழுதப்படும். ஆனால் பகரத்தின் முன் அந்த மூக்கொலி மகரமாகவே ஒலிக்கும். தமிழ் இதனை 'அன்பர்' என ஏற்கவில்லை. 'அம்பர்' என்றே ஏற்றது. தமிழில் 'ன்ப்' என்னும் மெய்ம்மயக்கம் இயல்பானது என்பதற்கு அன்பர், இன்பம் முதலிய சொற்களே சான்று. ஆதலின் இங்கு மகரம் தோன்றியது தமிழின் ஒலிவிதியால் அன்று. சொல் எழுத்தின் வழியன்றி வாய்மொழியின் வழி, வணிகர் ஒலித்தவாறே வந்தது என்பதற்கு இது ஓர் அகச்சான்றாகும். அச்சொல் எளிதில் தமிழோடு கலந்ததற்கு மற்றொரு காரணமும் கூறலாம். இம்பர், உம்பர் என்பவற்றோடு நிற்கும் 'அம்பர்' என்னும் சுட்டடிச் சொல் அவ்விடம் என்னும் பொருளில் தமிழில் முன்பே உண்டு. வந்த சொல்லுக்கு இருந்த சொல்லின் வடிவம் ஆயத்தமாயிருந்தது.

அரபு வணிகர் இப்பொருளைப் பெற்ற இடங்களுள் ஒன்று தமிழர்க்கும் அறிமுகமானது. கி.பி. 851இல் எழுதப்பட்ட, சீனம், இந்தியம் ஆகிய நாடுகளைப் பற்றிய அரபு நூல், நிக்கோபார்த் தீவினர் அம்பரைக் கொடுத்து இரும்பைப் பெற்றுக்கொண்டதைக் குறிப்பிடுகிறது. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் நக்கவாரம் என இடம்பெறும் தீவே இது. தங்கத்துக்கு நிகராக மதிக்கப்பட்ட பொருளை இரும்புக்கு மாற்றிய அத்தீவினர் ஏமாந்தவர் என உடனே முடிவு செய்தல் பொருந்தாது. இரும்பு கிடைக்காத தீவில் கத்தியின் பயன் பெரிது. மணப்பொருளின் பயன் சிறிது. பொருளின் அடையாளம் என்பது அதனை வாங்குவோர் யார் என்பதையும் பொறுத்தது.

1.3 அம்பரின் தோற்றுவாய் பற்றிய கருத்துகள் நெடுங்காலம் முரண்பட்டு நின்றன. அரபு நூலோர் பலர் அது கடலடியில் தோன்றுவதாகவும், பெருமீன் அதனை விழுங்கி மாண்டுபோவதாகவும் எழுதினர். சீனர் அதனை 'நாகப்பேய் உமிழ்ந்த நறுமணம்' என்னும் பொருள்தரும் பெயரால் அழைத்தனர். கோவாவில் வாழ்ந்த போர்ச்சுக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, 1563இல் அங்கேயே அச்சான தம் மருந்துப்பொருள் உரையாடல்களில், அம்பருக்கென ஓர் உரையாடலை ஒதுக்கினார். அது திமிங்கிலத்திலிருந்து வருவதென்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. ஒருவகை மண் என்றே கருதத் தலைப்பட்டார்.

அரபு நூலோரின் கூற்றில் உள்ள செய்தி இங்கு உற்றுநோக்கத்தக்கது. இறந்த பெருமீனின் வயிற்றில் அம்பர் கிடைத்தது என்பது அவர்கள் கண்ட உண்மை. 'மீன் அதனை விழுங்கியது' என்பது அவர்கள் செய்த ஊகம். கண்டது சரி, காரணகாரியத் திசை தலைகீழ். 1783இல் மருத்துவர் சுவீடியாவர் இலண்டன் அரச கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரையே இத்திசையைத் திருப்பியது. அம்பர்க் கட்டிகளுக்குள் கணவாயினத்தின் அலகுகள் பதிந்திருப்பதையும், அக்கணவாய்கள் ஒருவகைத் திமிங்கிலத்தின் இரை என்பதையும் அவர் இணைத்துக் காட்டினார். அம்பர் என்பது அத்திமிங்கிலத்தின் குடலில் உருவாகி இறுகிய கழிவு என்பது அவர் முடிபு. பிற்கால ஆய்வுகளும் அதன் பிறப்பிடம் குடலே என்பதை உறுதிப்படுத்தின. 1946இல் அம்பரின் முதன்மைச் சேர்மமாகிய அம்பிரீனின் வேதியியல் அமைப்பும் துலக்கப்பட்டது.

ஆகவே 'வாந்தி' என்னும் சொல் உடற்கூற்றின்படி பிழையானது. அது வாய்வழி வந்ததைக் குறிக்கிறது. அம்பரோ குடலில் விளைவது. ஆங்கில ஏடுகளின் மலிவான சொல்லாட்சியைத் தமிழ், கன்னடம் ஆகிய இரண்டும் சொல்லுக்குச் சொல் பெயர்த்தன. மலையாள ஏடுகளும் இதே தொகையை ஆக்கிக்கொண்டன. மூன்று மொழிகளிலும் ஒரே பிழை இருப்பது, மூவரும் பொருளைப் பாராமல் ஒரே மூலத்தைப் பார்த்தனர் என்பதற்குச் சான்றாகும். இவற்றோடு ஒப்பிட, 'எச்சம்' என்னும் தமிழ்ச் சொல் எவ்வளவோ பொருத்தமானது. எஞ்சியது என்னும் வேர்ப்பொருளும், பறவை முதலியவற்றின் கழிவு என்னும் வழக்குப்பொருளும் அதற்குண்டு. செரிக்காமல் எஞ்சிய அலகுகளைச் சுற்றி உருவான கழிவுக்கு இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துகின்றன.

1.4 அம்பர் என்னும் சொல்லுக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. ஐரோப்பிய மொழிகளில் இச்சொல் பரவியபோது, கடற்கரையில் கிடைக்கும் இன்னொரு பொருளையும் அது தழுவிக்கொண்டது. பால்டிக் கடற்கரையில் ஒதுங்கும் மஞ்சள் நிறப் புதைபிசினே அப்பொருள். இரண்டும் கரையில் கிடைப்பன, இரண்டும் எரித்தால் மணப்பன, இரண்டும் விலையுயர்ந்தன. பிறப்பாலோ ஒன்று விலங்கின் கழிவு. மற்றொன்று பல கோடி ஆண்டுகளுக்கு முன் மரம் வடித்த பிசின். குழப்பம் முற்றியபோது பிரெஞ்சு மொழி சாம்பல்நிற அம்பர், மஞ்சள்நிற அம்பர் என அடைகொடுத்துப் பிரித்தது. ஆங்கிலம் முன்னதை ஒரே சொல்லாக்கிக் கடன்கொண்டு, அடையில்லாத வடிவத்தைப் பிசினுக்கு விட்டுவிட்டது. அரபியிலோ இக்குழப்பம் இல்லை. பிசினுக்கு 'வைக்கோலைக் கவர்வது' எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் வழிவந்த தனிப்பெயர் அங்குண்டு. இன்று மின்சாரத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லும் அதன் வழிப்பட்டதே. கிரேக்கத்தில் இதே பிசினின் பெயரிலிருந்துதான் ஐரோப்பிய மொழிகளின் மின்சாரச் சொற்களும் பிறந்தன.

தமிழ் அகராதிகளில் காணப்படும் 'மீனம்பர்' என்னும் தொகை, பிரெஞ்சு மொழி செய்ததையே வேறுவழியில் செய்கிறது. பிரெஞ்சு நிறத்தால் பிரித்தது. தமிழ் தோற்றுவாயால் பிரித்தது. திமிங்கிலம் மீனன்று, பாலூட்டி என்பது விலங்கியல் அறிவு. எனினும் பொருள் உயிரினத்திலிருந்து வந்தது என்னும் முதன்மைச் செய்தியை இத்தொகை பிழையின்றித் தருகிறது. 'மீனம்பர்' இருக்க 'வாந்தி'யைத் தேடிச் செல்லவேண்டிய தேவை தமிழுக்கு இல்லை.

2. கடல்நுரை

நாட்டுமருந்துக் கடைகளில் கடல்நுரை என்னும் பெயரில் ஒரு பொருள் விற்கப்படுகிறது. வெண்மையான, நீள்வட்டமான, கையில் எடுத்தால் எடையே தோன்றாத, நகத்தால் சுரண்டினால் பொடியாகும் ஓடு அது. கடற்கரையில் நடப்போர் அடிக்கடி காணக்கூடியது. வடமொழியில் சமுத்திரபேனம் என்பர். பாரசீகத்திலும் கடலின் நுரை என்றே பெயர். நுரை உறைந்து கட்டியானது போன்ற தோற்றமே இப்பெயர்களுக்குக் காரணம்.

உண்மையில் இது கணவாயின் உள்ளோடு. சுண்ணாம்புச் சத்தாலான நுண்ணிய அறைகள் அடுக்கடுக்காக அமைந்த இவ்வோட்டில் நீரின் அளவையும் வளியின் அளவையும் மாற்றிக் கணவாய் தன் மிதப்பைச் சீர்செய்கிறது. உயிரி இறந்து தசை அழிந்தபின் ஓடு மிதந்து கரைசேர்கிறது. மிதக்கச் செய்வதற்காக அமைந்த உறுப்பு, உயிரி மறைந்த பின்னரும் மிதக்கிறது.

கடற்கரையூர்களில் இதற்கு வழங்கும் பெயர் 'கணவாய் ஓடு' என்பது. இவ்விரு பெயர்களின் வேறுபாடே இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு வழிகோலுகிறது. கணவாயைப் பிடித்து அரிந்து சமைப்பவர் ஓட்டை உயிரியின் உடலுக்குள் காண்கிறார். எனவே அவர் தரும் பெயர் தோற்றுவாயைக் கூறுகிறது. மருந்துக்கடைக்காரரும் மருத்துவ நூலாரும் ஓட்டை உயிரியிலிருந்து பிரிந்த நிலையில் காண்கின்றனர். எனவே அவர்கள் தரும் பெயர் தோற்றத்தைக் கூறுகிறது. முன்னதைத் தோற்றுவாய்ப் பெயர் என்றும், பின்னதைத் தோற்றப் பெயர் என்றும் குறிக்கலாம். ஒரே மொழிக்குள் ஒரே பொருளுக்கு இருவகைப் பெயரும் உடனிருத்தல் இயல்பு. எழுத்து மரபுக்குள் தோற்றப் பெயர் நுழைவதும், தோற்றுவாய்ப் பெயர் பேச்சளவில் நின்றுவிடுவதும் நம் அகராதி வரலாற்றில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்துள்ளன.

தோற்றப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதன் விளைவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: செருமன் மொழியில் கடல்நுரை என்பதற்கு நேரான சொல், ஓடு எதையும் குறிக்காமல் புகைக்குழாய் செதுக்கப் பயன்படும் ஒரு கனிமத்தைக் குறிக்கிறது. அக்கனிமத்துக்கு 1847இல் குளோக்கர் அறிவியல் பெயர் இட்டபோது, கணவாய் ஓட்டை ஒத்திருத்தலால் கணவாயின் பெயரடியாகச் செபியோலைட் என்றார். ஓடு நுரை எனப்பட்டது. கல்லும் நுரை எனப்பட்டது. பின்னர் கல் கணவாயின் பெயரைப் பெற்றது. சித்த மருத்துவ நூலின் கடல்நுரையை அகராதியில் நேர்ச்சொல் பார்த்துப் பெயர்ப்பவர், நோயாளியின் மருந்தில் கல்லைச் சேர்த்துவிட இடமுண்டு. மருந்து நூல்களின் மொழிபெயர்ப்பில் சொற்பிழை பொருட்பிழையாகவும், பொருட்பிழை உயிர்ப்பிழையாகவும் முடியலாம்.

3. கடற்றேங்காய்

மாலத்தீவு, இலங்கை, தென்னிந்தியக் கரைகளில் எப்போதாவது ஒதுங்கிய இரட்டைத் தேங்காய் வடிவப் பெருங்கொட்டை கடற்றேங்காய் எனப்பட்டது. இந்தியில் வழங்கும் பெயரும், மலாய் மொழியில் வழங்கும் பெயரும் இதே பொருளுடையன. அதனைத் தாங்கிய மரத்தை இக்கரைகளில் எவரும் கண்டதில்லை. எனவே கடலுக்குள் மூழ்கி வளரும் ஒரு மரத்தின் காய் அது என நம்பினர். அம்போனாவில் வாழ்ந்த ரம்பியசு எழுதி, அவர் மறைவுக்குப்பின் 1741 முதல் 1750 வரை வெளியான தாவரப் பெருநூலிலும் இக்கருத்து இடம்பெற்றது.

இந்நம்பிக்கையை அறியாமை எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் கிடைத்த சான்றுகளுக்கு அது பொருந்தியே இருந்தது. ஒதுங்கிய கொட்டைகளுள் ஒன்றும் முளைக்கவில்லை. முளைக்கக்கூடிய புதிய கொட்டை கனமானது, கடலில் மூழ்கிவிடும். உள்ளீடு அழுகி வெறுமையான கொட்டையே மிதக்கும். மிதந்து வருவது முளைக்காது. முளைப்பது மிதந்து வராது. இம்முரணே மரத்தை மறைத்தது.

1602 முதல் 1607 வரை மாலத்தீவில் சிறைப்பட்டிருந்த பிரெஞ்சு மாலுமி பிரார் த லவால், கரையில் ஒதுங்கும் கடற்றேங்காயும் அம்பரும் அரசனுக்கே உரியவை என்றும், மறைப்போர்க்குக் கடுந்தண்டனை உண்டென்றும் எழுதியுள்ளார். 1768இல் மரியோன் துபிரேன் அனுப்பிய பயணக் குழுவினர் செசல்சைச் சேர்ந்த பிரசுலேன் தீவில் அம்மரங்களைக் கண்டனர். அரிய பொருளின் புதிர் அவிழ்ந்தது. அதன் விலையும் வீழ்ந்தது.

ஆயினும் பெயர் மாறவில்லை. 1791இல் குமெலின் இட்ட அடைமொழி, பின்னர் பேரினப் பெயர் மாறிய நிலையிலும் தொடர்ந்து, இன்றும் லொடோய்சியா மால்டிவிகா என்றே வழங்குகிறது. மாலத்தீவுக்குரியது என்பது அதன் பொருள். மாலத்தீவில் அம்மரம் இயற்கையாக வளர்வதில்லை. செசல்சைக் குறிக்கும் அடைமொழியோடு முன்மொழியப்பட்ட பெயரும் முன்னுரிமை விதியால் நிலைக்கவில்லை. அறிவியற் பெயர்கூடச் சில வேளைகளில் கண்டெடுத்த இடத்தைப் பிறந்த இடமாகக் கொள்ளும் பிழையைக் காத்துவைக்கிறது. இதனை இடப்பெயர்ப் பிழை எனலாம்.

4. சங்குப்பூ: ஓர் ஒப்பீடு

மேற்கூறிய மூன்றிலும் பெயரிட்டோர் தோற்றுவாயை நேரில் காணாதவர்கள். கண்டவர்கள் பெயரிட்டால் எவ்வாறு அமையும் என்பதற்கும் சான்றுண்டு. முறுக்கிய ஆட்டுக்கொம்பு போன்ற, வளையங்கள் அடுக்கிய ஒரு பொருள் சங்கு விளையும் கடற்பகுதிகளில் கிடைக்கிறது. அது சங்கின் முட்டைக்கூடு. அதனைச் சங்குப்பூ என்பது மீனவர் வழக்கு. சென்னை மாகாண மீன்வளத்துறையில் பணியாற்றி, 1914இல் இந்தியச் சங்கு பற்றிய நூலை வெளியிட்ட ஜேம்சு ஆர்னெல், சங்கின் வாழ்க்கை முறையை விரித்து எழுதியவர். சங்கு குளிப்போரின் அறிவு அத்தகைய ஆய்வுகளுக்குத் துணைநின்றது.

இப்பெயரில் பூ என்பது உருவகம். சங்கு என்பது செய்தி. காயாகும் முன்னிலை பூ என்பதுபோலச் சங்காகும் முன்னிலை இக்கூடு என்னும் கருத்தும் அதில் அடங்கியுள்ளது. உருவகம் இருந்தும் அடையாளம் பிழைபடவில்லை. ஆனால் இப்பெயரைத் தரையில் இருந்து படிப்பவர் வேலியில் படரும் நீலமலர்க் கொடியையே நினைப்பார். அகராதிகள் அக்கொடியை மட்டும் தந்து கூட்டை விட்டுவிடின், மீனவர் உரையைப் பெயர்ப்பவர் கடலுக்குள் மலர்ச்செடியை நட்டுவிடுவார்.

5. பெயரும் பொறுப்பும்

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அம்பரைத் தரும் திமிங்கிலம் காக்கப்படுவதால், இந்தியாவில் அம்பரை வைத்திருத்தலும் விற்றலும் குற்றமாகக் கொள்ளப்படுகின்றன. அமெரிக்காவிலும் அதன் வணிகம் தடைசெய்யப்பட்டுள்ளது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய 1973ஆம் ஆண்டு உடன்படிக்கையோ, இயல்பாக வெளியேறிக் கரையொதுங்கிய அம்பரைக் கழிவாகக் கருதுகிறது. விலங்கின் உடற்பகுதியா, விலங்கு நீக்கிய கழிவா, கடல் தந்த பொருளா என்னும் வினாவுக்கு ஒவ்வொரு சட்டமும் ஒவ்வொரு விடை தருகிறது. 'வாந்தி', 'எச்சம்', 'அம்பர்' என்னும் சொற்களும் அவ்வினாவுக்கு வெவ்வேறு விடைகளை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன.

கரையில் ஒரு கட்டியைக் கண்டெடுக்கும் மீனவரை எண்ணிப்பார்க்க வேண்டும். கோடிக்கணக்கில் விலைபோகும் 'வாந்தி' என்னும் செய்தி அவர் செவிக்கு எட்டியிருக்கிறது. அதனை உடனே அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்னும் செய்தி அதே அளவில் எட்டவில்லை. அவர் கையில் இருப்பது கப்பல்கள் கழித்த மெழுகாகவோ, உறைந்த பனையெண்ணெய்க் கட்டியாகவோ இருக்கவும் கூடும். இரண்டு நிலைகளிலும் தவறான பெயர் அவரைத் தவறான இடத்துக்கு இட்டுச்செல்கிறது. பிரார் குறித்த மாலத்தீவின் மீனவனுக்கும் இன்றைய மீனவருக்கும் இடையே நானூறு ஆண்டுகள் கடந்தும், கரையில் கண்டெடுத்தவரே இடருக்கு உள்ளாகும் நிலை மாறவில்லை. அறிவிப்புகளையும் காவல்துறை ஆவணங்களையும் தமிழில் ஆக்குவோர் இதனை உளங்கொள்ளுதல் வேண்டும்.

6. முடிவுரை

இதுவரை கண்டவற்றிலிருந்து பின்வரும் முடிவுகளைப் பெறலாம்.

முதலாவது, கரையொதுங்கிய பொருள்களின் பெயர்கள் தோற்றுவாய்ப் பெயர், தோற்றப் பெயர், இடப்பெயர், கடன்பெயர் என நால்வகைப்படும். கணவாய் ஓடு, கடல்நுரை, கடற்றேங்காய், அம்பர் என்பன முறையே இவற்றுக்கு எடுத்துக்காட்டுகள்.

இரண்டாவது, தோற்றப் பெயரும் இடப்பெயரும் ஊகத்தை உள்ளடக்கியவை. கடன்பெயர் ஊகத்தை மறைப்பது. தோற்றுவாய்ப் பெயரே பெயர்ப்புக்குப் பாதுகாப்பானது. ஆதலின் அகராதித் தொகுப்பாளர் ஒவ்வொரு கடற்பொருளுக்கும் நூல்வழக்கோடு கரைவழக்கையும் சேர்த்துத் தருதல் வேண்டும். கடல்நுரை என்னும் பதிவில் கணவாய் ஓடும், கணவாய் ஓடு என்னும் பதிவில் கடல்நுரையும் குறிக்கப்படின் பல பிழைகள் எழாமலே போகும்.

மூன்றாவது, மொழிபெயர்ப்பாளர் இத்தகைய சொற்களை எதிர்கொள்ளும்போது 'இச்சொல்லுக்கு நேர்ச்சொல் எது?' என்னும் வினாவுக்கு முன், 'இப்பொருள் எது? இப்பெயரை இட்டவர் அதனை எந்த நிலையில் கண்டார்?' என்னும் வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

ஓர்க்கோலை என்னும் சொல்லை இன்று மீட்டு வழக்கில் புகுத்த முடியுமா என்பது ஐயமே. ஆனால் மீனம்பர் என்னும் தொகை எளியது, ஒலிக்க இனியது, அம்பரின் இருபொருள் மயக்கத்தையும் நீக்குவது. அதனைச் செய்தித்தாள்களும் அரசு அறிவிப்புகளும் ஏற்குமாயின், ஒரு பழஞ்சொல் பயன்பாட்டுக்கு வருவதோடு, கரையில் குனிந்து எதையோ எடுத்துப் பார்க்கும் ஒருவருக்குத் தம் கையில் இருப்பது ஓர் உயிரினத்தின் உடலிலிருந்து வந்தது என்னும் முதற்செய்தி அப்பெயரிலேயே கிடைத்துவிடும்.